ஐந்து நிமிஷம் போன இடம்

ஜனவரி 14

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் வலது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக் கட்சி நடத்துகிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்தது ஒன்றரை வரி, கேள்வி பன்னிரண்டு. பத்தாம் வகுப்பில் ஒரு தடவை கோட்டை விட்டவனுக்கு இப்படிக் கேள்வித்தாள் அனுப்பலாமா? "போனில் கேட்டால் ஜோக் அடித்து நழுவிவிடுவீர்கள், எழுதித்தான் அனுப்ப வேண்டும்" என்று வேறு போட்டிருக்கிறாய். பெற்ற மகளுக்கே என் மேல் இவ்வளவு நம்பிக்கை. போகட்டும், முப்பத்தைந்து வருஷம் விசில் சத்தம் கேட்டதில் என் இடது காது எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டது. எழுத்துதான் சௌகரியம்.

நம் ரயில் நிலையத்துக்கு நூறு வயசாகிறது, தலைமை அலுவலகம் மலர் போடப்போகிறது, கால அட்டவணைப் பிரிவில் இருக்கும் உன் தலையில் வரலாற்றைக் கட்டிவிட்டார்கள் என்கிறாய். தெரிந்ததை எழுதுகிறேன், தெரியாததை அழகாக எழுதுகிறேன்.

முதலில் இங்கே நிலையமே கிடையாது. ஒரு செங்கல் சூளை இருந்தது. செங்கல் ஏற்ற ஒரு மேடையும் தனித் தண்டவாளமும் போட்டார்கள். செங்கலுக்காக நின்ற வண்டியில் சூளையில் வேலை பார்த்தவர்கள் தொற்றிக்கொண்டு போனார்கள். தடுத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் ஒரு பெஞ்சும் பெயர்ப் பலகையும் வைத்து நிலையம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, நம் நிலையம் செங்கலுக்காகப் பிறந்தது. மனுஷன் வழியில் ஏறிக்கொண்டவன்.

பிறகு நகரம் வளர்ந்து இந்தப் பக்கம் புறநகர் வண்டிகளுக்குப் புது மேடை வந்தது. பெயின்ட் கம்பெனியும் தையல் கம்பெனிகளும் வந்ததும், நம் வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தையும் சேர்த்து ஐந்து நிறுத்தங்களோடு ஒரு கிளைப் பாதை போட்டார்கள். கிளை வண்டிக்குப் புது மேடை கட்ட மனசு வரவில்லை. பழைய செங்கல் மேடையே போதும் என்றார்கள். இரண்டு மேடைக்கும் நடுவில் மூன்று சரக்குத் தண்டவாளம். கடக்க ஒரே நடைபாலம். அதை வடக்குக் கோடியில் கட்டினார்கள், ஏனென்றால் தெற்கே அப்போது சூளையின் புகைபோக்கி நின்றது. புகைபோக்கி விழுந்து நாற்பது வருஷம் ஆகிறது. பாலம் அங்கேயேதான் இருக்கிறது.

ஏறுவதற்கு முப்பத்தாறு படி, இறங்க முப்பத்தைந்து. செங்கல் மேடை ஒரு படி உயரம். உங்கள் அலுவலக வரைபடத்தில் நம் நிலையம் ஒரே ஒரு புள்ளி. நேரில் பார்த்தால் முகம் திருப்பிக்கொண்டு நிற்கும் அண்ணன் தம்பி மாதிரி இரண்டு.

ஒன்று கேட்கிறேன். மலருக்கு எதற்கம்மா படிக்கட்டுக் கணக்கு? வண்டி புறப்பட்ட நேரம் எழுதும் பதிவேடு எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது என்று எதற்குக் கேட்டாய்? என் மூக்கு லேசாக வியர்க்கிறது.

"ஒரு நாளும் தாமதமாக வண்டி அனுப்பாத மாலை முறைப் பொறுப்பாளர்" என்று எழுதி என் ஓய்வு நாளில் கொடுத்த சுவர்க் கடிகாரம் கூடத்தில் சுகமாக இருக்கிறது. தினமும் நாலு நிமிஷம் பின்தங்குகிறது. "குடுத்தவங்க உங்களைப் புரிஞ்சுதான் குடுத்திருக்காங்க" என்கிறாள் அம்மா.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அப்பா


ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். அம்மாவை மாடிப்படி ஏற விடாதீர்கள்.

வரலாறு அருமை. செங்கல் கதையை என் மேலதிகாரி சத்தமாகப் படித்துச் சிரித்தார். இப்போது ஒரே ஒரு கேள்வி.

நம் நிலையத்தின் பதிவேட்டையும் கிளைப் பாதையின் அடுத்த நிலையத்துப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. மாலை வண்டி நம் நிலையத்தில் 6.42க்குப் புறப்பட்டதாக இருக்கிறது. நீங்கள் எழுதியதுதான், உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஆறு நிமிஷப் பயணம். 6.48க்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே 6.53 என்று இருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இருபத்திரண்டு வருஷம். நீங்கள் ஓய்வு பெற்ற இந்த மூன்று வருஷத்திலும் அப்படியே. மற்ற கிளை வண்டிகளுக்கும் மூன்று நிமிஷம், நாலு நிமிஷம் போகிறது.

நடுவில் அந்த ஐந்து நிமிஷம் எங்கே போகிறது, அப்பா? மலரில் ஒரு சுவையான தகவலாக இருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் மகள்


பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் குறைவிருக்காது, இல்லாவிட்டால் இரண்டு பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெம்பு இருக்குமா? எங்கள் காலத்து அதிகாரிகள் ஒரு பதிவேட்டையே திறந்தவர்கள் இல்லை. பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அந்த ஐந்து நிமிஷத்தைக் கேட்டாயே, அது மண்ணுக்குள் போகிறது. சூளைக்கு மண் எடுத்த குழிகள் கிளைப் பாதையின் ஓரம் வரிசையாக இருந்தன. உடைந்த செங்கலைப் போட்டு மூடி, அதன் மேல்தான் தண்டவாளம் போட்டார்கள். வண்டி அங்கே பூனை மாதிரி பதுங்கிப் பதுங்கிப் போகும். வேகமாகப் போனால் பெட்டி ஆடும். ஐந்து நிமிஷம் அங்கே கரைந்துவிடுகிறது. வரலாற்றில் இதையும் சேர்த்துக்கொள், சுவையாகத்தான் இருக்கும்.

இதை எழுதும்போது அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இதை அனுப்பத்தான் போறீங்களா?" என்றாள். "ஏன், எழுத்துப் பிழையா?" என்றேன். பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் பேசாமல் போனால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

அப்பா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் ஒரு மாதம் எழுத முடியவில்லை.

குழிகள் பற்றி நீங்கள் எழுதியது மிகவும் உதவியாக இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் தனியாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கீழே முன்னாள் பொறுப்பாளர் என்று போட்டுக் கையெழுத்திட்டு அனுப்ப முடியுமா? இரண்டு பிரதி.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மகள்


மார்ச் 9

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது, பதிலுக்கு இரண்டு பிரதி கேட்பாயோ என்று.

மலரில் கையெழுத்துப் போட்டு எதைச் சொல்வார்கள்? நானும் மலர் பார்த்திருக்கிறேன். அதிகாரிகளின் படம் இருக்கும், சோப்பு விளம்பரம் இருக்கும். வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி என்றால் எங்கள் ஊழியத்தில் அதற்குப் பெயர் வாக்குமூலம்.

இன்னொன்றும் நடந்தது. போன செவ்வாய் இரண்டு பேர் முக்காலிக் கருவியோடு வந்து, குழி இருந்த இடத்தில் தண்டவாளத்தின் ஓரம் நாலு நாள் துளை போட்டார்கள். மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, சிவப்பு பெயின்டில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். நான் நடைக்குப் போகிற சாக்கில் கிட்டப் போய், "என்ன தம்பி, புதையலா?" என்றேன். "பெரியவரே, தள்ளிப் போங்க" என்றான் ஒருவன். நான் முப்பத்தைந்து வருஷம் வண்டி அனுப்பிய பாதையில் என்னைத் தள்ளிப் போகச் சொல்கிறான்!

அன்று சாயங்காலமே கிளை வண்டியின் கார்டு வீட்டுக்கு வந்துவிட்டான். நம் விசில்தான், உனக்குத் தெரியாதா? சின்ன வயசில் உனக்கு ஊதிக் காட்டுவானே, அவனே. டீயை ஆற விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, தலைமை அலுவலகத்துல கிளைப் பாதை சம்பந்தமா என்ன காகிதம் இருந்தாலும் அனுப்பச் சொல்லிட்டாங்க. நான் வீட்டுல கிடந்த பெட்டியை அப்படியே கட்டி அனுப்பிட்டேன்."

"பெட்டியில என்ன இருந்துச்சு?"

"அதான் ஞாபகம் இல்லை."

கையெழுத்துப் போட உட்கார்ந்தேன், பேனாவில் மை இல்லை. கடைக்குப் போக வேண்டும். கடை தூரம்.

மலருக்கு மண் எதற்கம்மா?

அப்பா


மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலர் எதுவும் இல்லை, அப்பா. உண்மையைச் சொன்னால் ஊரெல்லாம் கூடிவிடும் என்று மேலதிகாரி சொல்லச் சொன்ன பொய் அது. கிளைப் பாதையை மூடப் போகிறார்கள். நாங்கள் சேகரிப்பது அதற்கான காரணம். நூற்றுக்கணக்கான பேர் பாலத்தைத் தாண்டிக் கிளை வண்டி ஏறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாதை பலமில்லாதது, வண்டி ஊர்கிறது, செப்பனிடுவதைவிட ஐந்து நிறுத்தத்துக்கும் பஸ் விடுவதே மேல் என்று அறிக்கை தயாராகிறது. அதற்கு அடித்தளம் நீங்கள் சொன்ன குழிகள்.

ஆனால் எனக்கே அது ஒட்டவில்லை. திரும்பி வரும் வண்டிக்கு ஒரு நிமிஷம்கூடப் போவதில்லை. குழி போகும்போது மட்டும்தான் இருக்குமா, அப்பா? மேலதிகாரியிடம் சொன்னேன். "போகும்போது ஏற்றமாக இருக்கும்" என்று முடித்துவிட்டார். மண் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, அது வரும்வரை காத்திருக்கவும் அவர் தயாரில்லை.

வண்டியைப் பாலத்தில் வருபவர்களுக்காகப் பிடித்து வைத்தீர்களோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு அந்தச் சந்தேகத்தை நானே அடித்துவிட்டேன். பிரதான வண்டி 6.38க்கு வருகிறது, கிளை வண்டி 6.42. நாலு நிமிஷம் தாராளம். நானே பதினோரு வயசிலிருந்து ஆறு வருஷம், பள்ளிக்கூடப் பையோடு ஓடி, தினமும் அந்த வண்டியைப் பிடித்திருக்கிறேன். அறிக்கையில் இணைப்பு நேரம் போதுமானது என்று எழுதியதே நான்தான்.

இப்போது வேறொன்று வந்திருக்கிறது. விசில் மாமா அனுப்பிய பெட்டியில் அவருடைய பாக்கெட் நோட்டுகள் இருந்தன. ஒவ்வொரு வேலை நாளும் ஒரே வரி. "மேடம் பாலத்தில். அண்ணன் கொடி தூக்கவில்லை. மேடம் ஏறினார். புறப்பாடு." யார் இந்த மேடம்?

அந்த வருஷங்களில் நானும் அதே வண்டியில்தான் வீட்டுக்கு வந்தேன். அப்படி ஒரு மேடத்தை நான் பார்த்ததில்லை. நான் ஓடி ஏறி உட்கார்ந்த பிறகு அந்த அம்மா வந்திருக்கலாம். அவருக்காக ஒரு வண்டியே நின்றது. அம்மாவுக்குத் தெரியுமா?

நோட்டுகளை யாரிடமும் காட்டாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அலுவலகக் காகிதத்தை நான் ஒளித்தது இதுதான் முதல் தடவை. உங்களுக்காக ஒளித்தேனா, அம்மாவுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

மகள்


ஏப்ரல் 4

அன்பு மகளுக்கு,

சுகம். மேடம் ஒரு பயணி. வேறொன்றுமில்லை. வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடி.

அப்பா

(அடியில் அம்மா எழுதுவது: மேடத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உங்கள் அப்பா நாலு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இந்த ரெண்டு வரியை எழுதினார். முழங்கால் பரவாயில்லை.)


ஏப்ரல் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் குறிப்பைப் பத்துத் தடவை படித்தேன். நம் வீட்டில் சாப்பிட்டவளா? எந்த உறவு? ஏன் இத்தனை வருஷம் என்னிடம் மறைத்தீர்கள்? மாமா ஒரு நாளும் வாயை மூடிப் பார்த்ததில்லையே, இரண்டு வரியோடு நிறுத்திவிட்டாரே என்று மாப்பிள்ளையே கவலைப்படுகிறார்.

அறிக்கை முப்பதாம் தேதி போகிறது. பாதை பலமில்லை என்பதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நம் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டி அடுத்த வருஷம் இருக்காது. போடாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். நோட்டைக் காட்டினால் உங்கள் பெயர் என்ன ஆகும்? ஐந்து நிமிஷம் மண்ணுக்குள் போனதா, மேடத்திடம் போனதா? இனிமேலாவது ஜோக் அடிக்காமல் சொல்லுங்கள்.

மகள்


ஏப்ரல் 20

என் கண்ணான மகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் மறுபடி வெயிலையும் தண்ணீரையும் பற்றி எழுதிவிடுவேன்.

குழிகள் உண்டு. மூடினதும் உண்மை. ஆனால் வண்டி அங்கே பதுங்குவதும் இல்லை, ஆடுவதும் இல்லை. அது நான் விட்ட கதை. என் பதிவேட்டுப் பொய்யை மூட ஒரு குழியைத் தோண்டினேன், அதில் கிளைப் பாதையையே தள்ளப் பார்க்கிறார்கள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. நகரத்துப் புதுப் பள்ளிக்கூடத்தில் உனக்கு முதல் நாள். தனி வகுப்பு முடிந்து 6.38 வண்டியில் வந்தாய். நான் செங்கல் மேடையில் கொடியோடு நிற்கிறேன். 6.42 ஆனபோது நீ பாலத்தின் உச்சியில்தான் இருந்தாய். உன் சிவப்பு ரிப்பன் தெரிந்தது. சட்டம் சட்டம்தான் என்று கொடியைத் தூக்கினேன். வண்டி போனது. நீ படியில் பாதியில் நின்று வண்டியைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். அடுத்த வண்டி 8.50க்கு. அதுவரை என் அறையில் பார்சல் எடை போடும் மேடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாய். அழவில்லை. "நாளைக்கு இன்னும் வேகமா ஓடறேம்ப்பா" என்றாய். அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மறுநாள் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாய். பிரதான மேடையின் வடக்குக் கோடி, முப்பத்தாறு படி, பாலம், முப்பத்தைந்து படி, பிறகு வண்டி நிற்கும் தெற்குக் கோடிக்கு முழு மேடை. அரைக் கிலோமீட்டருக்கு மேல். 6.42க்கு நீ பாலத்தில்தான் இருந்தாய். கொடி என் கையில்தான் இருந்தது. கைதான் தூக்கவில்லை. விசில் என்னைப் பார்த்தான், நான் வானத்தைப் பார்த்தேன். படியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு 6.47க்கு வந்து ஏறினாய். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மூச்சு வாங்க, "பாத்தீங்களாப்பா, பிடிச்சிட்டேன்!" என்றாய்.

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்லச் சொல்கிறாய்? "ஆமாடி கண்ணு, பிடிச்சிட்ட" என்றேன். உள்ளே போய்ப் பதிவேட்டில் 6.42 என்று எழுதினேன். உன்னிடம் சொன்ன அதே பொய்யைத்தான் ரயில்வேயிடமும் சொன்னேன்.

ஆறு வருஷம் தினமும் அதே. நீ பெரிய அதிகாரி மாதிரி நிமிர்ந்து வந்து ஏறுவாய். அதைப் பார்த்து விசில் வைத்த பெயர்தான் மேடம். "அண்ணே, மேடம் படியில இறங்குறாங்க" என்பான். அவன் எழுதி வைத்ததை அவனே மறந்துபோய்ப் பெட்டியோடு அனுப்பிவிட்டான்.

நீ கல்லூரிக்குப் போனதும் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். முதல் நாள் 6.42க்குக் கொடியைத் தூக்கப் போனேன். பாலத்தின் மேல் நாற்பது பேர். தையல் கம்பெனிப் பெண்கள், ஒரு கால் சூம்பிய அச்சுக்கோப்பவர், பிள்ளையை இடுப்பில் வைத்த ஒருத்தி. ஒருத்தர்கூட ஓடவில்லை, நடந்துதான் வந்தார்கள். இந்த வண்டி நிற்கும் என்று ஆறு வருஷத்தில் அவர்களுக்குத் தெரிந்துபோயிருந்தது. மகளுக்கு நிறுத்திவிட்டு அவர்களுக்கு எப்படிப் போகச் சொல்வது? மற்ற முறைக்காரர்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் வந்த புதியவருக்குச் சாவிக்கொத்தோடு இதையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

நேற்று நானே போய் நடந்து பார்த்தேன். எட்டரை நிமிஷம், நடுவில் ஒரு தடவை கைப்பிடியில் சாய்ந்தேன். வாட்டசாட்டமான ஒரு ஆளை, அவர் பாவம் யாரோ, ஓடச் சொல்லிக் கெஞ்சினேன். ஐந்தே முக்கால். நாலு நிமிஷத்தில் அந்தப் பாலத்தை யாரும் தாண்ட முடியாது, அம்மாடி. நீயும் தாண்டவில்லை.

இதையெல்லாம் வெள்ளைத்தாளில், இரண்டு பிரதி, எழுதி இணைத்திருக்கிறேன். முதலில் விசிலைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவனுக்கு ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.

"என் பேரைச் சேர்க்கலையாண்ணே?"

"நான் தனியா பண்ணேன்னு எழுதியிருக்கேன்."

"எது? வண்டியென்ன உங்க வீட்டு சைக்கிளா, நீங்க மட்டும் பிடிச்சு நிறுத்த? நான் ஊதாம எப்படி நின்னுச்சுன்னு கேக்க மாட்டாங்க? குடுங்க பேனாவை."

போட்டுவிட்டான். மை இருந்தது.

கடிகாரத்தைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கொடுத்தவர்களிடமே சேர்த்துவிடு. சுவரில் அது இருந்த இடம் வட்டமாக வெளுத்துக் கிடக்கிறது, அம்மா அதையும் பார்த்துத்தான் மணி சொல்கிறாள்.

உடம்பு எப்படி இருக்கிறது? கோபமா?

அப்பா


மே 16

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

நான் நலம். கோபம் இல்லை. முதல் இரண்டு நாள் இருந்தது.

நான் வேகமான பெண் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிட்டேன், அப்பா. இந்த வேலைக்கான நேர்முகத்தில்கூட அந்த வண்டியைப் பிடித்த கதையைத்தான் சொன்னேன். கடிதத்தைப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அதான் எங்கே போனாலும் உனக்காக எல்லாரும் காத்திருப்பாங்கன்னு நினைக்கிறியா?" என்றார். அவரிடம்தான் இப்போது கோபம்.

உங்கள் வாக்குமூலத்தையும் நோட்டுகளையும் மேலதிகாரி மேசையில் வைத்தேன். "நோட்டில் உள்ள மேடம் நான்தான், இணைப்பு நேரம் போதும் என்று எழுதியதும் நான்தான், இரண்டும் தவறு" என்று ஒரு தாளில் எழுதி மேலே வைத்தேன். அவர் எல்லாவற்றையும் கடைசிவரை படித்தார். பிறகு, "ஒருத்தர் கொடியைத் தூக்காம நின்னதுக்கு, நாம ஒரு பாதையையே தூக்கப் பார்த்தோமா?" என்றார். மண் பரிசோதனை முடிவும் அந்த வாரமே வந்தது. பாதை கல் மாதிரி இருக்கிறதாம்.

விசில் மாமாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான். எனக்கும் ஒன்று வந்தது. மூடும் திட்டத்தை ஆறு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை சோதனை அட்டவணை, நான் போட்டது. ஜூன் முதல் தேதியிலிருந்து கிளை வண்டி 6.47. உள்ளபடி எழுதினால் பாதை பிழைக்கும். தயவுசெய்து புதியவரிடம் சொல்லுங்கள்.

கடிகாரத்தைப் பண்டகக் காப்பாளர் வாங்கவில்லை. பரிசைத் திரும்பப் பெறப் படிவம் கிடையாதாம். என் மேசையில் இருக்கிறது. நாலு நிமிஷம் பின்தங்குகிறது, திருத்தவில்லை.

மகள்


ஜூன் 2

அன்பு மகளுக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம், முழங்காலையும் சேர்த்துக்கொண்டால் இரண்டேகால்.

நேற்று 6.47ஐப் பார்க்காமல் இருக்க முடியுமா? நகரத்தில் அம்மாவின் முழங்காலை மருத்துவரிடம் காட்டிவிட்டு, வேண்டுமென்றே 6.38 வண்டியில் வந்து இறங்கினோம். புதியவரிடம் முன்னாடியே போய்ச் சொல்லி வைத்திருந்தேன். "ஐயா, நடந்ததை நடந்தபடி எழுதணும். பாதை அதுலதான் தொங்குது." அவர் தலையாட்டினார். நான் சொல்லிக் கொடுத்ததை நானே மறக்கச் சொல்கிறேன் என்று சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே ஆட்டினார்.

நான் முன்னால் போய்ச் செங்கல் மேடையில் நின்றேன். தையல் கம்பெனிப் பெண்கள் வந்தார்கள், அச்சுக்கோப்பவர் வந்தார், எல்லாரும் ஏறிவிட்டார்கள். பலகையில் 6.47. அவசரமில்லாத அழகான புறப்பாடு. புதியவர் கொடியை எடுத்தார்.

பாலத்தில் ஒரே ஒரு ஆள் மிச்சம். உங்கள் அம்மா.

முப்பத்தைந்து படியையும் ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். நான் இங்கிருந்து கையைக் காட்டி வேகமாக வா என்றேன். அவள் நின்று, மேடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அவளுக்குத் தினமும் அஞ்சு நிமிஷம் நிறுத்துனீங்க. எனக்கு ஒரு நாள் நிறுத்தினா வண்டி தேஞ்சா போயிடும்?"

வண்டிக்குள் சிரிப்பு. விசில், ஊதலை வாயிலிருந்தே எடுத்துவிட்டான். புதியவர் கொடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். நான் பழக்கத்தில் வானத்தைப் பார்த்தேன்.

அம்மா ஏறி உட்கார்ந்தாள், நானும் ஏறினேன். கொடி உயர்ந்தது. புதியவர் தன் அறை ஜன்னலோரமாகப் பதிவேட்டை விரித்து, பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும், நான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தயங்கியது அது. நகரும் வண்டியின் வாசலில் நின்று கத்தினேன்.

"ஐயா, நடந்ததை எழுதுங்க!"

இன்று காலை கிளை வண்டியில் நிலையத்துக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். புறப்பாடு 6.52 என்று இருக்கிறது. எதிரே காரணம் எழுதும் கட்டத்தில், "பயணி ஒருவர் படியில்."

நம் நிலையத்தில் எழுதப்பட்ட முதல் தாமதம். அம்மாவிடம் சொன்னேன். "என் பேரைப் போடலையா?" என்கிறாள்.

அப்பா